ஒரே ரத்தத்தைக் குடிக்கிற கொசுக்களில் சிலது மட்டும் ஏன் வைரஸைக் கடத்துது?

கொளத்தூர் குமரன்:

மழை விட்டு ஒரு வாரம் ஆச்சு. கொசுப்புழு பார்க்கிற அக்கா வீட்டுக்கு வந்தாங்க. ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி தண்ணி சேருற தட்டு, மொட்டை மாடியில கிடந்த பெயின்ட் டப்பா ரெண்டையும் கவிழ்த்துட்டு, "டெங்கு கொசு இதுலதான் வரும். ராத்திரி கடிக்கிற சாக்கடைக் கொசு டெங்கு பரப்பாது"ன்னு சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாங்க.

எனக்கு இது புரியல. டெங்கு வந்தவரை ரெண்டு கொசுவும்தானே கடிக்குது? அதே ரத்தம், அதே வைரஸ். ஒண்ணு அடுத்தவனுக்குக் கொடுக்குது, இன்னொண்ணு கொடுக்கலன்னா எப்படி? கூடவே ஒரு பழைய சந்தேகம். ஒருத்தருக்குப் போட்ட ஊசியை இன்னொருத்தருக்குப் போட்டா எச்.ஐ.வி. வரும்ங்கிறாங்க. கொசு கடிச்சா மட்டும் ஏன் வரல?

தெரிஞ்சவங்க எழுதுங்க. யூடியூப் வீடியோ அனுப்ப வேணாம்.


ஆறுகாலி:

கொசுவை ஊசியாக நினைப்பதை முதலில் விட்டுவிடுங்கள், பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். கொசுவின் வாயில் ரத்தம் உறிஞ்ச ஒரு குழாய், எச்சில் விட வேறொரு குழாய். குடித்த ரத்தம் வயிற்றுக்குப் போய் அங்கேயே செரிக்கிறது. அடுத்த ஆளின் தோலுக்குள் போவது எச்சில் மட்டும்தான்.

ஆக, வைரஸ் வயிற்றிலிருந்து எச்சிலுக்கு வந்து சேர வேண்டும். அதற்கு நேர்வழி கிடையாது. முதலில் நடுக்குடலின் செல்களுக்குள் நுழைந்து அங்கே பெருக வேண்டும். பிறகு குடலைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வைத் தாண்டி உடல் திரவத்துக்குள் இறங்க வேண்டும். அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நுழைய வேண்டும். கடைசியாகச் சுரப்பியிலிருந்து எச்சிலில் கலக்க வேண்டும். நான்கு தடைகள். எங்கே நின்றாலும் அந்தக் கொசு யாருக்கும் எதுவும் கொடுக்காது.

எச்.ஐ.வி. முதல் தடையிலேயே காலி. அது நுழைவதற்கு மனித நோயெதிர்ப்பு செல்களின் மேல் இருக்கும் ஒரு குறிப்பிட்ட புரதம் வேண்டும். கொசுவின் குடலில் அது இல்லை. ரத்தத்தோடு சேர்ந்து செரித்துப்போகும்.

சாக்கடைக் கொசு, அதாவது கியூலெக்ஸ் குயின்குவிஃபாசியேட்டஸ், டெங்கு ரத்தத்தைக் குடித்தால் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். குடலில் வைரஸ் காலூன்ற முடிவதில்லை. டெங்கு கொசுவான ஏடிஸ் எஜிப்தியின் குடலில் முடிகிறது. அதற்காக ஏடிஸ் சும்மா விட்டுவிடுகிறது என்று அர்த்தமில்லை. வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வைத் தேடித் துண்டு துண்டாக வெட்டும் ஏற்பாடு அதன் செல்களிலும் உண்டு. ஆனால் முழுதாக ஒழிக்காது, அடக்கி மட்டும் வைக்கும். வைரஸும் வாழ்கிறது, கொசுவும் சாவதில்லை. நமக்குத்தான் கஷ்டம்.

இந்தப் பயணத்துக்கு டெங்கு வைரஸ் பொதுவாக 8 முதல் 12 நாள் எடுத்துக்கொள்ளும். அதுவரை அந்தக் கொசு உயிரோடு இருந்தாக வேண்டும். இளம் கொசு கடித்தால் அரிப்போடு போகும், பயப்பட வேண்டியது வயசான கொசுவுக்கு.


பரணி82:

அப்போ கொரோனா? 2020ல எங்க தெரு வாட்ஸ்அப் குரூப் முழுக்க இதுதான் ஓடுச்சு.


ஆறுகாலி:

அதையும் பார்த்துவிட்டார்கள். கேன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2020இல் மூன்று வகைக் கொசுக்களில் சோதித்தார்கள். குடலைத் தாண்டுவதுதான் பிரச்சினையோ என்ற கேள்வியே வராதபடி, வைரஸை நேராக மார்புப் பகுதிக்குள் ஊசியால் செலுத்தினார்கள். அப்படியும் பெருகவில்லை. கொசுவின் செல்லே அதற்கு ஆகாது.


தினம் ஒரு மூலிகை:

நிலவேம்பு குடிச்சா கொசு கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. எங்க தாத்தா காலத்துல


மட்டுறுத்துநர்:

மேலே இருந்த பதிவின் மீதிப் பகுதியை மருத்துவப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறோம். இந்த இழையில் கொசு மட்டும்.


பழைய மலேரியா ஆள்:

ஆறுகாலி எழுதினது எல்லாம் சரி. ஆனா அது ஆய்வகத்துக் கூண்டுக்குள்ள இருக்கிற கொசுவோட கதை. தென்னாற்காட்டுப் பக்கம் ஊர் ஊரா டார்ச் லைட்டும் உறிஞ்சுகுழாயும் தூக்கிக்கிட்டு மாட்டுக் கொட்டகையில கொசு பிடிச்சவன் நான். தெருவுல கணக்கு வேற.

ஜப்பானிய மூளைக்காய்ச்சலை எடுத்துக்குங்க. இந்தியாவுல அது முதல்ல அடையாளம் தெரிஞ்சது 1955ல, நம்ம வேலூர்ல. கடத்துறது வயல்வெளிக் கொசு, கியூலெக்ஸ் டிரைட்டேனியோரிங்கஸ். அந்த வைரஸைச் சுமக்கிறதுல இந்தக் கொசுவுக்கு ஒரு குறையும் இல்ல. நடவு முடிஞ்ச வயல் தண்ணியில கணக்கில்லாம உற்பத்தியாகும். அப்படிப் பார்த்தா டெல்டா முழுக்க வீட்டுக்கு வீடு மூளைக்காய்ச்சல் வந்திருக்கணும். வரலையே, ஏன்? அதுக்குப் பிடிச்சது மாடு. மாட்டோட ரத்தத்துல அந்த வைரஸ் அடுத்த கொசுவுக்குத் தொத்துற அளவு ஏறாது. பன்னியிலயும் கொக்கு, நாரையிலயும்தான் ஏறும். மனுஷனைக் கடிக்கிறது எப்பவாவதுதான். அந்த எப்பவாவது கடியிலதான் பிள்ளைங்களைப் பறிகொடுத்தோம்ங்கிறது வேற விஷயம்.

இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. மலேரியாவைக் கொசுதான் கடத்துதுன்னு கண்டுபிடிச்ச ரொனால்ட் ராஸ் ஆரம்பிச்சு வெச்சது, மெக்டொனால்ட் சீர்படுத்தினது. எனக்குப் பயிற்சியில போட்டுக் காட்டுனாங்க, இன்னும் மறக்கல. நோய் பரவணும்னா ஒரே கொசு மனுஷனை ரெண்டு தடவை கடிக்கணும், வாங்க ஒரு தடவை, கொடுக்க ஒரு தடவை. அதனால மனுஷனைக் கடிக்கிற வாய்ப்பை அதாலேயே பெருக்கணும். பத்துக் கடியில ஒன்பது மனுஷனைக் கடிக்கிற கொசுவுக்கு 0.9 பெருக்கல் 0.9, அதாவது 0.81. பத்துல ஒண்ணு மட்டும் மனுஷன்னா 0.01. கடிக்கிற பழக்கத்துல ஒன்பது மடங்கு வித்தியாசம், பரப்புறதுல 81 மடங்கு!

ஆயுசும் அப்படித்தான். தினம் நூத்துக்குத் தொண்ணூறு பிழைக்கிற கொசுக்கூட்டத்துல பத்து நாள் கழிச்சு 35 மிஞ்சும். நூத்துக்கு எண்பதுன்னா 11தான். ஏடிஸ் எஜிப்தி வீட்டுக்குள்ளயே இருக்கு. பீரோ பின்னாடி, கட்டிலுக்கு அடியில, தொங்குற துணியில. வெயில், காத்து எதுவும் தொடாது. பகல்ல ஒரு ஆள்கிட்ட கொஞ்சம், தட்டினா பறந்து பக்கத்து ஆள்கிட்ட கொஞ்சம். குடல் எவ்வளவு நல்ல குடலா இருந்தா என்ன, மாட்டைக் கடிச்சுட்டுச் செத்துப்போற கொசு என்னத்தைப் பரப்பும்?


ஆறுகாலி:

ஐயா, உங்கள் கணக்கை மறுக்கவே மாட்டேன். ஆனால் குடல் வேறு, பழக்கம் வேறு என்று பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் சொன்ன அந்தக் "கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே" பழக்கமே குடலுக்குள் வேலை செய்கிறது. அமெரிக்காவில் கனெக்டிகட்டில் ஒரு குழு கொசுக்களுக்கு வைரஸ் கலந்த ரத்தம் ஒரு முறை கொடுத்துவிட்டு, சில நாள் கழித்து வைரஸ் இல்லாத சாதாரண ரத்தம் இன்னொரு முறை கொடுத்தது. வயிறு புடைத்து விரியும்போது குடலைச் சுற்றிய சவ்வில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. செல்லுக்குள் ஏற்கெனவே பெருகிக் காத்திருந்த வைரஸ் அந்த வழியாக வெளியேறிவிடுகிறது. ஒரே முறை ரத்தம் கொடுத்துச் செய்த பழைய சோதனைகள் இதைத் தவறவிட்டிருந்தன. அடிக்கடி கடிக்கும் கொசுவுக்கு இரண்டாம் தடையே தளர்ந்துவிடுகிறது என்றால், அது குடலா பழக்கமா?


பழைய மலேரியா ஆள்:

இது எனக்குப் புதுசு. நாங்க ஓய்வு வாங்கின பிறகு வந்தது போல. நல்லாருக்கு.


குலசேகரத்துக்காரன்:

நான் ரப்பர் வெட்டுற குடும்பம். 2007ல எங்க பக்கமும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலும் சிக்குன்குனியா போட்ட போடு சொல்லி முடியாது. வெட்டுக்காரங்க கத்தியைப் பிடிக்க முடியாம விரல் மடங்கிக் கிடந்தாங்க. மாசக்கணக்குல காலையில எழுந்தா சுவரைப் பிடிச்சுதான் நடக்கணும்.

வந்த அதிகாரிங்க எல்லாரும் வீட்டுத் தண்ணியை மூடு, தொட்டியைத் தேய்ன்னுதான் சொன்னாங்க. எங்களுக்குக் கடி விழுந்தது வீட்டுல இல்ல, தோட்டத்துல. மழைக்காலத்துல வெட்டு நிக்கும்போது பால் வடியிற சிரட்டையை மரத்துலயே நிமிர்த்தி விட்டுட்டுப் போயிருவாங்க. ஒரு ஏக்கருக்கு எத்தனை மரம், எத்தனை சிரட்டை, நீங்களே பாத்துக்குங்க. எல்லாத்துலயும் புழு. முதுகுல வெள்ளைக் கோடு ஒண்ணு போட்ட கறுப்புக் கொசு. அது என் சின்ன வயசுலேருந்தே அங்கதான் இருக்கு. அப்பல்லாம் அரிப்புதான் வந்துச்சு, இந்தக் காய்ச்சல் வரல. 2006ல நாடே சிக்குன்குனியாவுல கிடந்தப்பகூட எங்க தோட்டத்துப் பக்கம் இவ்வளவு இல்ல. அந்த ஒரு வருஷத்துல கொசு மாறிடுச்சா?


ஆறுகாலி:

கொசு மாறவில்லை அண்ணே. மாறியது வைரஸ். இந்த இழையிலேயே நல்ல கேள்வி உங்களுடையதுதான், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒற்றை வெள்ளைக்கோடு என்றால் அது ஏடிஸ் ஆல்போபிக்டஸ். எஜிப்திக்கு முதுகில் யாழ் போன்ற வளைகோடுகள் இருக்கும். ஆல்போபிக்டஸ் தோட்டம், புதர், மூங்கில், மரப்பொந்து என்று வெளியே வாழ்வது. சிக்குன்குனியாவைப் பொறுத்தவரை இது இரண்டாந்தரக் கடத்தி என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள்.

2005 - 06இல் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவில் சிக்குன்குனியா வெடித்தது. அந்தத் தீவில் எஜிப்தி அரிது, எங்கும் ஆல்போபிக்டஸ்தான். பெரிதாகப் பரவாது என்று பார்த்தால், மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு, சுமார் 2,66,000 பேருக்குக் காய்ச்சல். வைரஸை எடுத்துப் பிரித்துப் படித்தபோது, அதன் மேலுறையில் ஈ1 என்ற புரதத்தில் 226ஆம் இடத்தில் அலனின் இருந்த இடத்தில் வேலின் வந்திருந்தது. ஒரே ஒரு அமினோ அமிலம். இந்த மாற்றம் உள்ள வைரஸ் மிகக் குறைந்த அளவிலேயே ஆல்போபிக்டஸின் குடலைப் பிடித்துக்கொள்கிறது, எச்சிலுக்கும் சீக்கிரம் வந்துவிடுகிறது. எஜிப்தியில் அதற்கு அப்படியொரு லாபமும் இல்லை. ஆகவே இது கொசுவின் திறமையும் இல்லை, வைரஸின் திறமையும் இல்லை. இரண்டும் பொருந்தினால்தான் பூட்டு திறக்கும்.

இந்தியாவில் 2006இல் சுமார் 14 லட்சம் பேரைப் படுக்க வைத்த வைரஸில் தொடக்கத்தில் இந்த மாற்றம் கிடையாது. நகரம், தண்ணீர்த் தொட்டி, எஜிப்தி என்று ஓடியது அது. 2007இல் கேரளத்தில் எடுத்த மாதிரிகளில் 226ஆம் இடம் மாறியிருந்தது. புதுச்சேரியிலுள்ள கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தினர் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் சிரட்டைக் கொசுவுக்குப் பொருத்தமான வைரஸ் அந்த வருஷம்தான் வந்து சேர்ந்தது. 2009இல் கேரளத்தில் இன்னொரு படி மேலே போய், ஈ2 புரதத்தில் இரண்டாவது மாற்றமும் தெரிந்தது. அதுவும் ஆல்போபிக்டஸின் குடலுக்குள் நுழைவதை எளிதாக்குவதுதான்.

இதே 2007இல் இத்தாலியில் ராவென்னா பக்கம் காஸ்டிலியோனே டி செர்வியா என்ற ஊரில் இருநூறுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிக்குன்குனியா. வைரஸைக் கொண்டுபோனவர் கேரளத்திலிருந்து போன ஒருவர். பழைய டயர் ஏற்றுமதியோடு 1990 வாக்கிலேயே ஆல்போபிக்டஸ் இத்தாலியில் குடியேறிவிட்டிருந்தது. பூட்டு அங்கே தயாராக இருந்தது, சாவி விமானத்தில் போனது.

சரி, சென்னையிலேயே 1964இல் சிக்குன்குனியா பெரிதாக வந்ததே, அப்போதே ஏன் இது நடக்கவில்லை? அது சிக்குன்குனியா வைரஸின் ஆசியக் கிளை. அதே ஈ1 புரதத்தில் 98ஆம் இடத்தில் அதற்கு அலனினுக்குப் பதில் திரியோனின். அந்த ஒன்று இருக்கும்வரை 226ஆம் இடம் மாறினாலும் ஆல்போபிக்டஸில் எந்த லாபமும் கிடைக்காது. ஆல்போபிக்டஸ் நிறைந்த ஆசியாவில் பல பத்தாண்டுகள் சுற்றியும் அந்த வைரஸ் தோட்டத்துக்குள் வரமுடியாமல் போனதற்கு இதைத்தான் காரணமாகக் காட்டுகிறார்கள். 2005க்குப் பின் வந்ததோ ஆப்பிரிக்கக் கிளை.


குலசேகரத்துக்காரன்:

இதை யாராவது அப்பவே எங்ககிட்ட சொல்லியிருந்தா சிரட்டையைக் கவிழ்த்து வெச்சிருப்போம். இப்ப எங்க தோட்டத்துல வெட்டு நின்னா கவிழ்த்துத்தான் வைக்கிறது.


வடமராட்சி:

நல்ல இழை, எல்லாத்தையும் வாசிச்சன். எங்கட பக்கம் நுளம்பு எண்டுதான் சொல்லுவம், கொசு எண்டால் பிள்ளையளுக்கு விளங்காது. 2017இல இலங்கையில ஒரே வருசத்தில 1,86,000 பேருக்கு மேல டெங்கு. பி.எச்.ஐ. மார், அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், வீடு வீடாய் வந்து குடம்பி (நுளம்புப் புழு) தேடினவை, அபராதமும் போட்டவை.

எனக்கொரு கேள்வி. ஒரே இன நுளம்பு எண்டால் எல்லா ஊரிலயும் ஒரே மாதிரித்தான் கடத்துமோ? கொழும்பு எஜிப்தியும் ஆப்பிரிக்க எஜிப்தியும் ஒண்டோ?


ஆறுகாலி:

இல்லை அக்கா, நிறையவே மாறும். எஜிப்தி கடத்தும் இன்னொரு வைரஸான ஜிகா 1947இல் உகாண்டாவின் ஜிகா காட்டில் கண்டுபிடிக்கப்பட்டது. எஜிப்தியின் பூர்வீகமும் ஆப்பிரிக்காதான். ஆனால் பெரிய ஜிகா கொள்ளைநோய் வந்தது யாப் தீவு, பிரெஞ்சு பொலினீசியா, பிறகு 2015இல் பிரேசில். பிறந்த மண்ணில் ஏன் அப்படி வெடிக்கவில்லை?

ஆப்பிரிக்கக் காட்டு எஜிப்தி கொஞ்சம் கறுத்த துணையினம். உலகம் முழுக்கப் பரவியது வெளிறிய, வீட்டுப் பழக்கமுள்ள துணையினம். 2020இல் வந்த ஓர் ஆய்வில் இரண்டுக்கும் ஜிகா கொடுத்துப் பார்த்தார்கள். வெளியே பரவிய கொசுக்களுக்கு எளிதாகத் தொற்றியது, ஆப்பிரிக்கத் துணையினத்துக்கு அவ்வளவு எளிதில் இல்லை. அதே வருஷம் இன்னொரு ஆய்வு ஆப்பிரிக்காவில் 27 இடங்களிலிருந்து முட்டை எடுத்து வளர்த்து, மனிதர் வாசனைக்கு எந்தக் கொசு போகிறது என்று பார்த்தது. நீண்ட, கடுமையான வறட்சிக்காலம் உள்ள ஊர்க் கொசுக்களுக்குத்தான் மனிதர் மேல் ஆசை. மழையில்லாத மாதங்களில் மனிதர் சேர்த்து வைக்கும் தண்ணீரை நம்பி வாழ்ந்து பழகியவை அவை என்பது விளக்கம். பழைய மலேரியா ஐயா, உங்கள் கட்சிக்கு இது பலம்.


ஈசூன் வாணி:

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கில் தேசியச் சுற்றுப்புற வாரியத்தினர், வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஆண் கொசுக்களைக் கொண்டுவந்து விடுகிறார்கள். முதலில் அத்தை பயந்தார், கொசுவைக் கொல்லாமல் கொண்டுவந்து விடுகிறார்களே என்று. ஆண் கொசு கடிக்காது, அந்த ஆணோடு சேரும் பெண்ணின் முட்டை பொரிக்காது என்று விளக்கினார்கள். என் சந்தேகம்: ஆல்போபிக்டஸ் உடம்பில் வோல்பாக்கியா இயல்பாகவே இருக்கிறதாமே? அப்படியானால் அது எப்படி வைரஸைக் கடத்துகிறது?


ஆறுகாலி:

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். வெகுகாலம் ஒன்றாக வாழ்ந்து பழகியதால் ஆல்போபிக்டஸுக்குள் அந்தப் பாக்டீரியா வைரஸை வலுவாகத் தடுப்பதில்லை. அதே பாக்டீரியாவை எடுத்து, அதை அறியாத எஜிப்திக்குள் வைத்தால் தடுக்கிறது. கொசுவின் எதிர்ப்புசக்தி விழித்துக்கொள்கிறது, வைரஸுக்கு வேண்டிய கொழுப்புப் பொருள்களுக்கும் போட்டி வருகிறது. சிங்கப்பூரில் விடுகிற கொசுக்களில் இருப்பது ஆல்போபிக்டஸிலிருந்து எடுத்த வகையேதான்.

உங்கள் ஊர் முறை கொசுவைக் குறைப்பது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் செய்தது வேறு. பழ ஈயிலிருந்து எடுத்த வோல்பாக்கியா வகையைச் சுமக்கும் கொசுக்களை, பெண்களையும் சேர்த்தே விட்டு, ஊர்க் கொசு முழுவதையும் அப்படி மாற்றினார்கள். கொசு இருக்கும், கடிக்கும். ஆனால் அந்தப் பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. 2021இல் முடிவு வெளியானது. நம் புதுச்சேரி மையமும் இரண்டு வகை வோல்பாக்கியாவோடு உள்ளூர் எஜிப்தி வளர்த்திருப்பதாக 2022இல் அறிவித்தது.


கோத்தகிரி ரவி:

குளிர் ஊர்ல இருக்கோம். இங்க கொசு இருந்தாலும் டெங்கு கம்மி. அதுக்கும் குடல்தான் காரணமா?


பழைய மலேரியா ஆள்:

இதுக்கு நானே சொல்றேன். பாங்காக் எஜிப்தியை வெச்சு 1987ல வெளியான பழைய சோதனை ஒண்ணு இருக்கு. 30 டிகிரியில டெங்கு வைரஸ் எச்சிலுக்கு வர 12 நாள் ஆச்சு. 32லயும் 35லயும் ஏழே நாள். 30க்குக் கீழே வெச்ச கொசுங்க அந்தச் சோதனையில கடத்தவே இல்ல. நான் மேல போட்ட ஆயுசுக் கணக்கோட சேர்த்துப் பாருங்க. குளிர்ல வைரஸ் வயித்துலேருந்து கிளம்புறதுக்குள்ள கொசு செத்துடும்.


கொளத்தூர் குமரன்:

கேட்டது ஒரு கேள்வி, கிடைச்சது ஒரு புத்தகம். எல்லாருக்கும் நன்றி. அப்ப சாக்கடைக் கொசுவைக் கண்டுக்காம விட்டுடலாமா?


பழைய மலேரியா ஆள்:

யானைக்கால் கொடுத்தது யாரு தம்பி? சாக்கடைக் கொசுதான்.

ஆறுகாலிக்கு நான் ஒண்ணு கேக்கணும். மஞ்சள் காய்ச்சலைக் கடத்துறதும் இதே எஜிப்திதான், 1900லயே கியூபாவுல நிரூபிச்சாங்க. நம்ம ஊர்ல எஜிப்தி கொட்டிக் கிடக்கு. வெயிலும் உண்டு, மனுஷனும் உண்டு. ஆசியாவுல ஏன் இன்னும் பரவல? குடலா?


ஆறுகாலி:

குடல் மட்டும் இல்லை. ஆசிய எஜிப்தியால் மஞ்சள் காய்ச்சலைக் கடத்த முடியும் என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள், ஊருக்கு ஊர் ஏற்ற இறக்கம் உண்டு என்றாலும். டெங்கு வந்தவர்கள் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புசக்தி, உறவுக்கார வைரஸான மஞ்சள் காய்ச்சலையும் ஓரளவு அடக்குகிறது என்பது ஒரு கருத்து. அடிமை வணிகக் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்கு வைரஸையும் கொசுவையும் சேர்த்து ஏற்றிப்போனது போல ஆசியாவுக்கு வழி அமையவில்லை என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் கனமாகப் படுகிறது.


பழைய மலேரியா ஆள்:

எனக்கு முதலாவது. கப்பல் காலம் போய் விமானக் காலம் வந்தாச்சே. 2016ல அங்கோலாவுலேருந்து சீனாவுக்குத் திரும்பின வேலையாளுங்க 11 பேருக்கு மஞ்சள் காய்ச்சல் இருந்துச்சு. அங்க யாருக்கும் அது பரவல.


ஆறுகாலி:

அவர்கள் போய் இறங்கியது வசந்த காலத்துத் தொடக்கத்தில் ஐயா. வடக்கே பெய்ஜிங்கில் இறங்கியவர்களும் உண்டு, அங்கே எஜிப்தி கிடையாது. நல்ல வெயில் மாதத்தில் சென்னையிலோ மும்பையிலோ இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் என் கவலை. நம் விமான நிலையங்களில் அந்த நாடுகளிலிருந்து தடுப்பூசி அட்டை இல்லாமல் வருபவர்களை ஆறு நாள் வரை தனிமையில் வைப்பது அதனால்தான்.